காவலுள்ள கரை, காவலற்ற குடி

சிகாகோ மாநகரின் மைய வணிகப் பகுதிக்கு நேர் தெற்கே, மேற்கில் சிகாகோ ஆற்றின் தென்கிளைக்கும் கிழக்கில் மிச்சிகன் ஏரிக்கும் இடையில் அமைந்த குடியிருப்புப் பகுதி சவுத் லூப் என்று வழங்கப்படுகிறது. வணிக மையத்தைச் சுற்றி 1897-ல் முழுமைபெற்ற உயர்மட்ட ரயில் வளையத்தால் 'லூப்' என்ற பெயர் நகர மையத்துக்கே நிலைத்துவிட, அதன் தெற்குப்புறம் சவுத் லூப் ஆயிற்று. வடக்கே ஐடா பி. வெல்ஸ் சாலையும் தெற்கே செர்மாக் சாலையும் எல்லைகள் என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. 1920-களில் சிகாகோ பல்கலைக்கழகச் சமூகவியலாளர்கள் நகரைச் சமுதாயப் பகுதிகளாகப் பிரித்து, மக்கள்தொகை விவரங்களைப் பகுதிவாரியாகத் தொகுக்க வழிசெய்தனர்; இன்று 77 ஆக உள்ள அந்தப் பிரிவுகளில் 'நியர் சவுத் சைடு' என்னும் பகுதியும், லூப் பகுதியின் தென்துண்டும் சேர்ந்ததே இக்கட்டுரை பேசும் இடம்.

பரப்பில் சிறிய இந்த இடத்தில் அமெரிக்க நகர வரலாற்றின் பெரும் வழக்குகள் பலவும் வந்து குவிந்திருக்கின்றன. பூர்வகுடிகள் வெளியேற்றப்பட்டது, ரயில்வேக்கள் நிலத்தை விழுங்கியது, தெற்கு மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் லட்சக்கணக்கில் வந்து இறங்கியது, செல்வர்கள் வந்ததும் போனதும் மறுபடி வந்ததும் எல்லாம் இங்கே நடந்தவை. இந்த வரலாற்றினூடே ஒரு வேறுபாடு தொடர்ந்து தெரிகிறது. ஏரிக்கரை பொதுமக்களுக்கு உரியது என்பதை நிலைநாட்ட ஒரு வரைபடக் குறிப்பும், அதைப் பற்றிக்கொண்டு நீதிமன்றம் ஏறியவர்களும், இறுதியில் ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் கிடைத்தன. ஆனால் அந்தக் கரைக்குப் பின்னால், சில தெருக்கள் தள்ளிக் குடியிருந்த மக்களுக்கு அப்படிப் பற்றிக்கொள்ள எழுத்து எதுவும் நெடுங்காலம் கிடைக்கவில்லை. அதனால்தான் கரை நிலைத்தது, குடிகள் மாறிக்கொண்டே இருந்தனர்.

நீரிலிருந்து எடுத்த நிலம்

இன்று சவுத் லூப்பின் கிழக்கே விரியும் கிராண்ட் பூங்கா, அருங்காட்சியகங்கள், விளையாட்டரங்கம், விரைவுச்சாலை ஆகியவற்றில் பெரும்பகுதி, 1830-களில் ஏரி நீராக இருந்த இடம். அக்காலத்தில் மிச்சிகன் அவென்யூவுக்கு மிக அருகிலேயே அலை அடித்தது. அதற்கும் முன்பு இது பொடவாடமி மக்களின் நாடு. 1803-ல் ஆற்று முகத்துவாரத்தில் அமெரிக்கப் படை எழுப்பிய டியர்பார்ன் கோட்டையிலிருந்து, 1812 ஆகஸ்ட் 15 அன்று பின்வாங்கித் தெற்கு நோக்கி ஏரிக்கரையோரம் நடந்த வீரர்களையும் குடும்பங்களையும் பொடவாடமிப் போர்வீரர்கள் தாக்கிய இடம், இன்றைய 18-ஆம் தெருவும் பிரெய்ரி அவென்யூவும் சந்திக்கும் சுற்றுப்புறம் என்று கொள்ளப்படுகிறது. நீண்ட காலம் 'படுகொலை' என்றே நகரம் நினைவுகூர்ந்த அந்த நிகழ்வை, 2009-ல் அங்கே அமைந்த சிறு பூங்கா 'போர்' என்று பெயரிட்டுக் குறிப்பது காலந்தாழ்ந்த நேர்மை.

1833-ஆம் ஆண்டு சிகாகோ உடன்படிக்கையின்படி பொடவாடமி மக்கள் தங்களிடம் எஞ்சிய நிலத்தை ஒப்படைத்து மேற்கே செல்ல நேர்ந்தது. எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு, மிச்சிகன் மாநிலத்தில் தங்கிவிட்ட பொக்காகன் கிளையினர் ஒரு கூர்மையான வாதத்துடன் நீதிமன்றம் வந்தனர். உடன்படிக்கைகளில் தாங்கள் கொடுத்தது ஏரிக்கரை வரையிலான நிலம் மட்டுமே என்றும், அதன்பின் ஏரியைத் தூர்த்து உண்டாக்கிய நிலத்தைத் தாங்கள் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை என்றும் அவர்கள் கூறினர். 1917-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அவர்களுக்கு இருந்தது அனுபவ உரிமை மட்டுமே, அதையும் அவர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே கைவிட்டனர் என்று சொல்லி வழக்கைத் தள்ளியது. துரத்தப்பட்டவர்கள் கைவிட்டவர்கள் ஆக்கப்பட்ட அந்தத் தீர்ப்பு, இப்பகுதியில் பின்னர் நடந்த பலவற்றுக்கும் முன்மாதிரியாக நிற்கிறது.

கரைக்குக் கிடைத்த எழுத்து 1836-ஐச் சேர்ந்தது. இல்லினாய் மிச்சிகன் கால்வாயை வெட்டப் பணம் திரட்டுவதற்காக மனைகளை விற்ற கால்வாய் ஆணையர்கள், மிச்சிகன் அவென்யூவுக்குக் கிழக்கே ஏரியோரமாக இருந்த நிலத்தை மனையாகப் பிரிக்காமல் விட்டு, அது கட்டடமோ வேறு தடையோ இன்றி என்றென்றும் திறந்த பொதுநிலமாக இருக்க வேண்டும் என்று வரைபடத்திலேயே குறித்தனர். தமிழகத்து வருவாய்ப் பதிவேடுகளில் ஏரிப் புறம்போக்கு என்று எழுதப்பட்ட நிலத்தைப் போன்றதே இதன் நிலையும்: எழுதியவர்கள் மறைந்தபின் அந்த எழுத்தை எடுத்துக்காட்டி வாதாட ஒருவர் இருக்கும் வரைதான் அதற்கு உயிர்.

உயிரைச் சோதித்தது ரயில்வே. புயல் அலைகள் மிச்சிகன் அவென்யூவை அரித்துக்கொண்டிருந்தன. அலைத்தடுப்புச் சுவர் கட்டும் செலவை நகராட்சி ஏற்க விரும்பவில்லை. இல்லினாய் சென்ட்ரல் ரயில்வே நிறுவனத்துக்கோ நகருக்குள் நுழைய வழி தேவைப்பட்டது. 1852-ல் இரு தரப்பும் உடன்பட்டு, நிறுவனம் தன் செலவில் தடுப்புச் சுவர் எழுப்ப, அதற்கு ஈடாகக் கரைக்குச் சற்றுத் தள்ளி ஏரிக்குள்ளேயே மரத் தாங்கிகளின்மீது தண்டவாளம் அமைக்க அனுமதி பெற்றது. கரைக்கும் தண்டவாளத்துக்கும் இடையே சிக்கிய நீர்ப்பரப்பு, 1871 அக்டோபர் பெருந்தீயில் எரிந்த 17,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களின் இடிபாடுகள் கொட்டப்பட்டு நிலமாகத் தொடங்கியது. கிராண்ட் பூங்காவின் அடியில் இருப்பது எரிந்த நகரத்தின் செங்கல்லும் சாம்பலும்.

1869-ல் இல்லினாய் சட்டமன்றம், நகர மையத்துக்கு எதிரே ஏரியின் அடிநிலத்தில் 1,000 ஏக்கருக்கும் மேலானதை அதே ரயில்வே நிறுவனத்துக்கு வழங்கியது. எதிர்ப்பு வலுக்கவே 1873-ல் அதே சட்டமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. நிறுவனம் விடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1892-ல் நான்குக்கு மூன்று என்ற நூலிழைப் பெரும்பான்மையில், கப்பல் போக்குவரத்துக்குரிய நீர்நிலையின் அடிநிலத்தை அரசு மக்களுக்காக அறங்காவலராக வைத்திருக்கிறதே தவிர, அதைத் தனியாருக்குத் தூக்கிக் கொடுக்கும் உரிமை அரசுக்கு இல்லை என்று தீர்ப்பானது. பொது அறக்காவல் கோட்பாடு எனப்படும் இக்கருத்து ரோமானியச் சட்டத்திலும் ஆங்கிலச் சட்டத்திலும் வேர் கொண்டதாயினும், நவீன நீதிமன்றங்கள் கையாளும் வடிவத்தை அதற்குக் கொடுத்தது இந்த ஏரிக்கரை வழக்குதான்.

அதன் கிளை இந்தியா வரை நீண்டது. பியாஸ் ஆற்றின் போக்கைத் திருப்பிய ஒரு தங்கும் விடுதிக்கு எதிராக வழக்கறிஞர் எம்.சி. மேத்தா நடத்திய வழக்கில், 1996 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் இல்லினாய் சென்ட்ரல் தீர்ப்பை விரிவாக எடுத்துப் பேசி, பொது அறக்காவல் கோட்பாடு இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அறிவித்தது. திருப்பதியின் அவிலாலா, பேரூரு ஏரிகளைக் குறித்த 2006-ஆம் ஆண்டு வழக்கிலும் அதே கோட்பாடு பேசப்பட்டது. நம் ஊரில் ஓர் ஏரியைக் காக்க இன்று ஒருவர் மனு எழுதும்போது, சிகாகோவில் ஒரு ரயில் நிறுவனத்தோடு நடந்த சண்டையின் பலனும் அதில் சேர்ந்திருக்கிறது.

தீர்ப்பு வந்ததால் கரை தானாகச் சுத்தமாகிவிடவில்லை. கொட்டகைகளும் குப்பையும் குவிந்து கிடந்த பூங்கா நிலத்தை எதிரிலிருந்த தன் அலுவலகத்திலிருந்து பார்த்துவந்த ஏ. மாண்ட்கோமரி வார்டு, 1890-ல் நகராட்சிக்கு எதிராக முதல் வழக்கைத் தொடுத்தார். தபால்வழி விற்பனையில் பெரும் செல்வம் ஈட்டியவர் அவர். 1836-ஆம் ஆண்டு வரைபடக் குறிப்பையே ஆதாரமாகக் காட்டி, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், மாநில உச்ச நீதிமன்றத்தில் நான்கு முறை வென்றார். அவருடைய கடைசிச் சண்டையே அவருக்கு மிகுந்த பழியைத் தேடித்தந்தது. 1906-ல் இறந்த வணிகர் மார்ஷல் ஃபீல்டு, இயற்கை வரலாற்று அருங்காட்சியகக் கட்டடத்துக்கு 80 லட்சம் டாலரை உயில் எழுதி, ஆறு ஆண்டுக்குள் இலவச மனை கிடைக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்திருந்தார். நகரின் பெரியவர்கள் கிராண்ட் பூங்காவின் நடுவிலேயே அதைக் கட்ட விரும்பினர், வார்டு மறுத்தார். நல்ல காரியத்துக்குக் குறுக்கே நிற்பவர் என்று பத்திரிகைகள் தூற்றின. ஒரு நல்ல கட்டடத்துக்கு விலக்கு கொடுத்தால் பத்துக் கட்டடங்களுக்கு வழி திறந்துவிடும் என்ற அவருடைய கணிப்பு சரியானது என்பதில் இன்று யாருக்கும் ஐயம் இருக்க முடியாது.

ஆனால் அந்த வெற்றியின் விளைவு ஒன்று அதிகம் பேசப்படுவதில்லை. வார்டு காத்த பாதுகாப்பு 11-ஆம் தெருவை ஒட்டிய பூங்காவின் தென் எல்லையோடு முடிந்தது. அருங்காட்சியகம் அந்த எல்லையைத் தாண்டித் தெற்கே, ரயில்வே விட்டுக்கொடுத்த தூர்த்த நிலத்தில் எழுந்து 1921-ல் திறக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து 1924-ல் சோல்ஜர் ஃபீல்டு விளையாட்டரங்கம், 1930-ல் ஷெட் மீன்காட்சியகம், அதே ஆண்டில் மேற்கு அரைக்கோளத்தின் முதல் கோளரங்கமான ஆட்லர் ஆகியவை வரிசையாக வந்தன. இவை பொதுநலக் கட்டடங்கள், நகரத்தின் பெருமைகள். எனினும், நகர மையத்துக்கு எதிரே வேண்டாம் என்று சட்டம் விலக்கிய பாரம் முழுவதும் சவுத் லூப்பின் கரையில் வந்து இறங்கியது. 1960-ல் திறந்த மெக்கார்மிக் பிளேஸ் மாநாட்டு மையம் அதில் உச்சம். நீர்விளிம்பிலேயே நின்ற அந்தப் பெருங்கட்டடம் 1967 ஜனவரியில் எரிந்து அழிந்தபோது, கரையை மீட்க இயற்கையே வழங்கிய வாய்ப்பாக அதைக் கொண்டிருக்கலாம். நகரம் அதே இடத்தில் 1971-ல் மீண்டும் கட்டியது. அதன் நெடிய கண்ணாடிச் சுவர்களில் மோதி 2023 அக்டோபர் 5-ஆம் நாள் ஒரே இரவில் ஆயிரத்தை ஒட்டிய வலசைப் பறவைகள் இறந்த பிறகே, மறு ஆண்டு கண்ணாடியில் புள்ளிப் படலம் ஒட்டப்பட்டது.

மாளிகைகள், அச்சகங்கள், ரயில் நிலையங்கள்

1871-ஆம் ஆண்டுத் தீ வடகிழக்காகப் பரவியதால் தெற்கே இருந்த பிரெய்ரி அவென்யூ தப்பியது. அடுத்த இருபது ஆண்டுகளில் அது நகரின் மிகச் செல்வம் மிகுந்த தெருவாயிற்று. ரயில் பெட்டி முதலாளி ஜார்ஜ் புல்மன், இறைச்சித் தொழிலதிபர் ஃபிலிப் ஆர்மர், மேலே சொன்ன மார்ஷல் ஃபீல்டு ஆகியோர் அங்கே அண்டை வீட்டார். ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன் வடிவமைத்து 1887-ல் முடிந்த கிளெஸ்னர் மாளிகை, தெருவுக்குக் கருங்கல் முதுகைக் காட்டி உள்முற்றத்தை நோக்கித் திறக்கும் கட்டடம். 1966-ல் கட்டடக்கலை ஆர்வலர்கள் ஒன்றுசேர்ந்து அதை இடிப்பிலிருந்து காத்தனர். அத்தெருவின் மற்ற மாளிகைகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. ரயில் புகையும் தொழிற்கூடங்களும் நெருங்க நெருங்கச் செல்வர்கள் வடக்கே ஏரியோரம் குடிபெயர்ந்தனர். அவர்கள் போக நினைத்தபோது போனார்கள். போக வேண்டும் என்று யாரும் அவர்களை விரட்டவில்லை.

ஏழைகளுக்கு அந்த வசதி இல்லை. 1874 ஜூலையில் சவுத் லூப்பிலேயே எழுந்த இரண்டாவது தீ, எண்ணூறுக்கும் மேற்பட்ட கட்டடங்களை எரித்தது. அங்கே செறிந்து வாழ்ந்த கறுப்பினக் குடும்பங்களும், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதக் குடும்பங்களும் வீடிழந்தனர். கறுப்பினத்தவர் மேலும் தெற்கே தள்ளப்பட்டனர். நகர மையத்தை ஒட்டிக் கிளார்க் தெருவில் வாழ்ந்த சீனர்களும் வாடகை உயர்வால் 1912-ஐ ஒட்டி வெளியேறி, செர்மாக் சாலையும் வெண்ட்வொர்த் அவென்யூவும் சந்திக்கும் இடத்தில் புதிய சைனாடவுனை உண்டாக்கிக்கொண்டனர். இதே காலத்தில் 18-ஆம் தெருவிலிருந்து 22-ஆம் தெரு வரை பரவிய லெவீ என்னும் விபச்சார வட்டாரத்தை நகர நிர்வாகம் பல ஆண்டுகள் கண்டும் காணாமல் விட்டு, 1911-க்குப் பிறகே மூடத் தொடங்கியது. மதிப்புமிக்க வீதிகளில் அனுமதிக்க முடியாததை எங்கே ஒதுக்கினால் கேள்வி எழாது என்பதை நகராட்சிகள் எப்போதும் அறிந்தே இருக்கின்றன.

டியர்பார்ன் தெருவில் அச்சுத் தொழில் குடிகொண்டது. ஒடுங்கிய மனைகளில் நீண்டு உயர்ந்த கட்டடங்கள், எழுத்துக் கோப்பவர்களுக்கு வெளிச்சம் வேண்டிப் பெரிய சன்னல்கள், இயந்திரங்களின் பாரம் தாங்கக் கனத்த தளங்கள் என்று அந்தத் தொழிலின் தேவையே கட்டடங்களின் வடிவைத் தீர்மானித்தது. அருகிலேயே 1885-ல் டியர்பார்ன் ரயில் நிலையம் எழுந்ததால் காகிதமும் மையும் வந்து இறங்கவும், அச்சான பட்டியல்களும் நூல்களும் நாடெங்கும் போகவும் எளிதாயிற்று.

ரயில் நிலையங்களில் வரலாற்றுக்கு மிக முக்கியமானது, இல்லினாய் சென்ட்ரல் நிறுவனம் 1893-ல் 12-ஆம் தெருவில் கட்டிய சென்ட்ரல் நிலையம். மிசிசிப்பி, லூசியானா மாநிலங்களின் பருத்தி வயல்களிலிருந்து, நிறவெறிச் சட்டங்களையும் கும்பல் கொலைகளையும் விட்டு வடக்கே வந்த கறுப்பினக் குடும்பங்கள், முதல் உலகப் போர்க் காலம் தொடங்கிப் பல பத்தாண்டுகள் இந்த நிலையத்தில்தான் இறங்கின. பெரும் இடப்பெயர்வு எனப்படும் இந்நிகழ்வில், 1916 முதல் 1970 வரை சிகாகோவுக்கு மட்டும் வந்தோர் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர். 1905-ல் ராபர்ட் அபாட் தொடங்கிய 'சிகாகோ டிஃபெண்டர்' இதழை ரயில்களில் பணிபுரிந்த கறுப்பினத் தொழிலாளர்களே தெற்குக்கு எடுத்துச் சென்று பரப்பினர். வடக்கே வேலை இருக்கிறது, வாருங்கள் என்று அது அழைத்தது.

வந்தவர்கள் ஏரியைப் பார்த்தபடி இறங்கினர். ஆனால் ஏரியோரம் அவர்களுக்கு வீடு கிடைக்கவில்லை. தெற்கே நீண்ட ஒடுங்கிய 'கறுப்புப் பட்டைக்குள்' அவர்கள் அடைக்கப்பட்டனர். கறுப்பினத்தவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ மாட்டோம் என்று சொத்து உரிமையாளர்கள் பத்திரத்திலேயே எழுதிக்கொண்ட நிபந்தனைகள் 1920-களிலிருந்து பரவி, 1948-ல் உச்ச நீதிமன்றம் அவற்றை அமல்படுத்த முடியாது என்று சொல்லும் வரை நகரின் எல்லைக் கற்களாக நின்றன. நீரிலும் எல்லை இருந்தது. 1919 ஜூலை 27 அன்று, சவுத் லூப்புக்குச் சற்றுத் தெற்கே 29-ஆம் தெருவை ஒட்டிய ஏரிக்கரையில், மிதவையில் மிதந்துகொண்டிருந்த யூஜின் வில்லியம்ஸ் என்னும் 17 வயது கறுப்பினச் சிறுவன், வெள்ளையர்கள் தமதென்று கருதிய பக்கத்துக்கு அறியாமல் நகர்ந்துவிட, அங்கிருந்த வெள்ளையர் ஒருவர் கல்லெறிய, நீரில் மூழ்கி இறந்தான். அதையடுத்து மூண்ட கலவரத்தில் 38 பேர் இறந்தனர். அவர்களில் 23 பேர் கறுப்பினத்தவர். மக்கள் அனைவருக்கும் உரிய நீர் என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் அறிவித்து அப்போது 27 ஆண்டுகள் ஆகியிருந்தன. கோட்பாடு தனியாரிடமிருந்து ஏரியைக் காத்தது. ஏரியிலிருந்து விலக்கப்பட்டவர்களை அது காக்கவில்லை.

இந்த நெருக்கடிக்குள்ளிருந்தே பெரும் இசை பிறந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1950-களிலும் 1960-களிலும் மிச்சிகன் அவென்யூவின் தென்பகுதி, இசைத்தட்டு நிறுவனங்களின் வரிசையாக இருந்தது. 1957 முதல் செஸ் ரெக்கார்ட்ஸ் இயங்கிய 2120-ஆம் எண் கட்டடத்தில், மிசிசிப்பியிலிருந்து வந்த மடி வாட்டர்ஸ், ஹவ்லின் வுல்ஃப் போன்றோரின் ப்ளூஸ் இசை பதிவாயிற்று. அதே அவென்யூவில், கறுப்பினத்தவருக்குச் சொந்தமான வீ-ஜே நிறுவனம் இருந்தது. 12-ஆம் தெரு நிலையத்தில் இறங்கியவர்களின் குரலே இங்கிருந்து இசைத்தட்டாகி உலகெங்கும் சென்றது.

வெறுமையான யார்டுகள்

விமானமும் மோட்டார் வாகனமும் ரயிலை வென்றபின் சவுத் லூப்பின் நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடின: கிராண்ட் சென்ட்ரல் 1969-ல், டியர்பார்ன் 1971-ல், சென்ட்ரல் 1972-ல். ரயில் பெட்டிகளை நிறுத்தவும் பிரிக்கவும் பயன்பட்ட பரந்த யார்டுகள் புல் முளைத்துக் கிடந்தன. நகர மையம் கைவிட்டுப் போகுமோ என்று அஞ்சிய பெருநிறுவனத் தலைவர்கள், 1973-ல் வெளியிட்ட 'சிகாகோ 21' திட்டத்தில், இந்த வெற்றிடத்தில் நடுத்தர வர்க்கக் குடியிருப்பை எழுப்ப முன்மொழிந்தனர். டியர்பார்ன் நிலையத்தின் பின்னிருந்த 51 ஏக்கரில் உருவான டியர்பார்ன் பார்க்கில் 1979-ல் முதல் குடும்பங்கள் குடியேறின. அச்சகக் கட்டடங்களும் அதே காலத்தில் லாஃப்ட் எனப்படும் உயர்ந்த கூரை கொண்ட வீடுகளாக மாறின.

டியர்பார்ன் பார்க்கின் அமைப்பைக் கூர்ந்து பார்த்தால் அது எதற்கு அஞ்சியது என்பது விளங்கும். சுற்றுத் தெருக்கள் உள்ளே தொடராமல் நின்றுவிடுகின்றன. ஸ்டேட் தெருவைப் பார்த்து வாசல்கள் இல்லை. உள்ளே நுழையும் வழிகள் மிகச் சில. பல இனத்தவரும் விரும்பிச் சேர்ந்து வாழ்ந்த குடியிருப்பு அது என்பதும், வெறும் நிலத்தில் எழுந்ததால் அங்கிருந்து யாரும் நேரடியாக விரட்டப்படவில்லை என்பதும் உண்மை. ஆயினும் நகரத்தின் நடுவே கட்டிய ஒன்று நகரத்துக்கு முதுகைக் காட்டி நிற்பது, தெற்கே சில தெருக்கள் தள்ளி வாழ்ந்த வறியவர்கள்மீது அது கொண்டிருந்த அச்சத்தின் வடிவமே.

1990-களில் ஏரிப்பக்க ரயில் நிலத்தில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற பெயரிலேயே புதிய குடியிருப்பு எழுந்தது; மேயர் ரிச்சர்டு எம். டேலி அங்கே குடியேறியது முதலீட்டாளர்களுக்கு அறிவிப்புப் பலகையாயிற்று. அருங்காட்சியகங்களுக்கு இடையே ஓடிய விரைவுச்சாலை மேற்கே நகர்த்தப்பட்டு, 1998-ல் அவை ஒரே பசும்பரப்பாக இணைக்கப்பட்டன. நியர் சவுத் சைடு பகுதியின் மக்கள்தொகை 2000-ல் 9,509 ஆக இருந்தது, 2020-ல் 28,795. இருபது ஆண்டில் மும்மடங்காகப் பெருகிய இந்தக் கணக்குக்குள், முன்பு மிகப் பெரும்பான்மையாக இருந்த கறுப்பினத்தவர் சிறுபான்மையான மாற்றமும் அடங்கியிருக்கிறது.

ஆற்றுப்பக்கத்தில் மட்டும் 62 ஏக்கர் நெடுங்காலம் காலியாகவே கிடந்தது. நகரின் 77 பகுதிகளோடு மற்றொன்றாகச் சேரப்போவதாகச் சொல்லி 'தி 78' என்று பெயரிடப்பட்ட அந்த நிலத்துக்கு, பல திட்டங்கள் வந்து போனபின், 2025-ல் ஒரு கால்பந்து விளையாட்டரங்கம் அறிவிக்கப்பட்டது.

கரையின் காவல் இக்காலத்திலும் தளரவில்லை. ஏரிக்குள் 1920-களில் உண்டாக்கிய நார்தர்லி தீவில் 1948 முதல் இயங்கிய மெய்க்ஸ் ஃபீல்டு விமான நிலையத்தை, மேயர் டேலி 2003 மார்ச் 30 நள்ளிரவில் முன்னறிவிப்பின்றி ஓடுபாதையை வெட்டிச் சிதைத்து மூடினார். அங்கே இன்று புல்வெளியும் பறவைகளும் இருப்பது நன்மை; மக்களாட்சியில் அது செய்யப்பட்ட முறை தவறு. திரைப்பட இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் தம் அருங்காட்சியகத்தை சோல்ஜர் ஃபீல்டுக்குத் தெற்கே ஏரியோரம் கட்ட முன்வந்தபோது, 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் த பார்க்ஸ்' என்னும் அமைப்பு பொது அறக்காவல் கோட்பாட்டைக் காட்டி வழக்குத் தொடுத்தது. 2016-ல் அவர் திட்டத்தைக் கைவிட்டு லாஸ் ஏஞ்சலிஸுக்குச் சென்றார். ஏரியும் தன் பங்குக்கு எச்சரித்துக்கொண்டே இருக்கிறது. 2013-ல் பதிவுகளிலேயே மிகத் தாழ்ந்த மட்டத்துக்குச் சென்ற நீர், ஏழே ஆண்டுகளில் ஏறத்தாழ ஆறடி உயர்ந்து, 2020-ல் கரைப்பாதைகளை உடைத்தது. நீரிலிருந்து எடுத்த நிலம் நீரின் அருகிலேயே இருக்கிறது.

யாருடைய பள்ளி

கரைக்குப் பின்னால் நடந்தது வேறு கதை. ஸ்டேட் தெருவில் 22-ஆம் தெருவுக்குத் தெற்கே, 1950-களின் நடுவில் சிகாகோ வீட்டுவசதி ஆணையம் கட்டிய ஹெரால்டு ஐக்ஸ் குடியிருப்பில் 738 வீடுகள் இருந்தன. வருமானம் குறைந்தோருக்கு அரசே வாடகைக்கு விடும் பொதுக் குடியிருப்பு இது. இனப்பிரிவினையை உடைக்கும் இடங்களில் கட்டாமல், ஏற்கெனவே கறுப்பினத்தவர் செறிந்த ஸ்டேட் தெரு வழியாகவே இவற்றை அடுக்கியது நகர அரசியலின் முடிவு. பின்னர் பராமரிப்பைக் கைவிட்டதும் அதே அரசியலே. அருகில் பெர்ட்ரண்ட் கோல்டுபெர்க் 1960-களில் வடிவமைத்த ஹில்லியர்டு குடியிருப்பின் வட்டக் கோபுரங்கள் தப்பிப் பிழைத்துப் புதுப்பிக்கப்பட்டன; ஏழைகளுக்கென்று கட்டும்போதும் அழகாகக் கட்ட முடியும் என்பதற்கு அவை சான்று. ஐக்ஸ் வீடுகளுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. 2000-ல் தொடங்கிய மறுசீரமைப்புத் திட்டத்தின்கீழ் அவை காலி செய்யப்பட்டு, 2010-ஐ ஒட்டி முற்றாக இடிக்கப்பட்டன. பல வருமானத்தாரும் கலந்து வாழும் சவுத்பிரிட்ஜ் குடியிருப்பின் முதல் கட்டம் அந்த நிலத்தில் எழ அதன்பின் பத்து ஆண்டுகள் ஆயின. அதிலும் ஒரு பகுதி வீடுகளே பழைய குடிகளின் வருமானத்தாருக்கு. விமான நிலையம் பூங்காவாக ஓர் இரவு போதுமாயிருந்த நகரத்தில், இடித்த வீடு மறுபடி வீடாக ஒரு குழந்தைப் பருவம் முழுவதும் கழிய வேண்டியிருந்தது.

பள்ளியில்தான் இந்த வேறுபாடு வெளிப்படையான மோதலாயிற்று. 1980-களின் இறுதியில், டியர்பார்ன் பார்க்கை ஒட்டித் திறந்த சவுத் லூப் தொடக்கப் பள்ளியில் ஹில்லியர்டு குடியிருப்புக் குழந்தைகளைச் சேர்ப்பதா என்பதில் பெற்றோர்களிடையே நீண்ட பூசல் எழுந்தது. 2002-ல் ஐக்ஸ் குடியிருப்புக்கு அருகே திறக்கப்பட்ட நேஷனல் டீச்சர்ஸ் அகாதமி, பெரும்பாலும் கறுப்பினக் குழந்தைகள் படிக்கும் தொடக்கப் பள்ளியாக வளர்ந்து, கற்றல் தரத்தில் நகரின் உயர்ந்த மதிப்பீட்டைப் பெற்றது. புதிதாகக் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி தேவைப்பட்டபோது, கல்வி வாரியம் 2018-ல் எடுத்த முடிவு, நன்றாக இயங்கிய இந்தப் பள்ளியை மூடி அதன் கட்டடத்தை உயர்நிலைப் பள்ளியாக்குவது.

பெற்றோர்கள் நீதிமன்றம் சென்றனர். அவர்கள் கையில் எடுத்தது இல்லினாய் குடிமை உரிமைகள் சட்டம்: அரசு அமைப்பு ஒன்றின் செயல், வெளிப்படையான பகை நோக்கம் இல்லாவிட்டாலும், ஓர் இனத்தவரை மட்டும் கூடுதலாகப் பாதிக்குமானால் அதைத் தடுக்க அச்சட்டம் இடம் தருகிறது. 2018 டிசம்பரில் மாவட்ட நீதிபதி ஃபிராங்க்ளின் வால்டெர்ராமா, மூடலுக்கு இடைக்காலத் தடை விதித்தார். வாரியம் திட்டத்தைக் கைவிட்டது. சவுத் லூப்பின் நீண்ட வரலாற்றில், கரையைக் காத்ததைப் போலக் குடியைக் காக்கவும் ஒரு சட்ட வாசகம் கைகொடுத்தது அப்போதுதான். அந்தப் பெற்றோர்கள் மாண்ட்கோமரி வார்டைப் போலச் செல்வர்கள் அல்லர். அவரைவிடக் குறைந்த மதிப்பு அவர்களுக்கு வரலாற்றில் தரப்படவும் கூடாது.

உயர்நிலைப் பள்ளிக்கான தேவை மறையவில்லை. 2022-ல் கல்வி வாரியம் அதற்குத் தேர்ந்தெடுத்த இடம், வீடுகள் கட்டித் தருவதாக வாக்களிக்கப்பட்ட பழைய ஐக்ஸ் குடியிருப்பு நிலத்தின் ஒரு பகுதி. அதே இடத்துக்கு ஒன்றரை மைல் தொலைவுக்குள், ஆற்றோரத்தில் 62 ஏக்கர் அப்போது காலியாகவே இருந்தது.